எட்டு மணி போனும் எழுபது கடிதங்களும்

கேள்வி: "டாக்டர், வடமேற்கு லண்டனில் ஒரு ஜிபி சர்ஜரியில் மூன்று ஆண்டுகளாக மேனேஜராக இருக்கிறேன். பதிவு செய்திருக்கும் நோயாளிகள் சுமார் 9,400 பேர். மூன்று பார்ட்னர் மருத்துவர்கள், சம்பளத்துக்கு ஒரு மருத்துவர், இரண்டு நர்ஸ்கள். காலை 8 மணிக்குப் போன் லைனைத் திறந்தால் 8.20க்குள் அன்றைய அப்பாயிண்ட்மென்ட் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அழைப்பவர்களிடம் திட்டு வாங்குவதுதான் ரிசப்ஷனில் இருப்பவர்களின் வேலை. போன மாதம் ஒரு பெண் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். மருத்துவர்கள் இரவு எட்டு மணிக்கும் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார்கள். ஒரு பார்ட்னர் வாரத்தில் இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு மருத்துவரை வைக்கப் பணம் இல்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?" – ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அழுதுகொண்டே போன அந்தப் பெண்ணிடம் வந்ததும் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். 29 ஆண்டுகள் ஜிபியாக, அதாவது குடும்ப மருத்துவராக, இருந்தவன் நான். மருத்துவர் களைத்துப்போனால் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேசவும் சங்கங்கள் இருக்கின்றன. ரிசப்ஷனில் இருப்பவர் களைத்துப்போனால் ஒரு நாள் நாற்காலி காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

பிரிட்டனுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சர்ஜரி என்றால் அறுவை சிகிச்சை மட்டுமல்ல, குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கும் அதே பெயர்தான். அதைச் சேர்ந்து சொந்தமாக நடத்தும் மருத்துவர்கள்தான் பார்ட்னர்கள். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ அமைப்பில் பெரும்பாலும் எல்லோரும் ஏதாவது ஒரு சர்ஜரியில் பதிவு செய்திருப்பார்கள். காய்ச்சலோ முதுகுவலியோ மனச்சோர்வோ, முதலில் தட்டுவது அந்தக் கதவைத்தான். சர்ஜரிக்கு வரும் பணம் பெரும்பகுதி பதிவு செய்த தலைகளின் எண்ணிக்கையையும் அவர்களின் வயது, உடல்நிலையையும் பொறுத்தது. ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறை வந்தாலும் இருபது முறை வந்தாலும் வரும் பணம் மாறாது. "இன்னொரு மருத்துவரை வைக்கப் பணம் இல்லை" என்று நீங்கள் எழுதியதன் பின்னணி இதுதான்.

மருத்துவர்களை இன்னும் வேகமாகப் பார்க்கச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. பத்து நிமிடத்தை எட்டாகக் குறைத்தால், அந்த எட்டு நிமிடத்தில் கேட்கப்படாமல் போன கேள்வி அடுத்த வாரம் இன்னொரு போன் காலாகத் திரும்பி வரும். மருத்துவரிடம் வந்தே இருக்க வேண்டாத வேலை எது என்று கண்டுபிடித்து, அது அவர் மேசைக்குப் போகும் முன்பே வழியில் இறக்கிவைக்க வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் எண்ணுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் எண்ணுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு நோயாளி வெளியே போனதும் ஒரு தாளில் ஒரு கோடு போட வேண்டும்: இதற்கு நான்தான் தேவைப்பட்டேனா, வேறொருவர் பார்த்திருக்கலாமா, அல்லது இந்தச் சந்திப்பே தேவைப்பட்டிருக்காதா? 2015 அக்டோபரில் பிரைமரி கேர் ஃபவுண்டேஷனும் என்.எச்.எஸ். அலையன்ஸும் வெளியிட்ட ஒரு அறிக்கைக்காக இங்கிலாந்து ஜிபிக்கள் இப்படித்தான் தங்கள் சந்திப்புகளைத் தாங்களே மதிப்பிட்டார்கள். 27 சதவீதம் தவிர்த்திருக்கக்கூடியவை என்று வந்தது. உங்கள் சர்ஜரியில் அது 15 ஆகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். எண் என்ன என்பதைவிட, அந்தக் கோடுகள் எந்த இடத்தில் குவிகின்றன என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

அதே இரண்டு வாரத்தில் ரிசப்ஷனிலும் ஒரு தாள் இருக்கட்டும். ஒவ்வொரு அழைப்பும் எதற்காக வந்தது என்று. ஜான் செடன் என்ற பிரிட்டிஷ் நிர்வாக ஆலோசகர் ஒரு வேறுபாட்டைச் சொல்வார். ஒரு நிறுவனத்துக்கு வரும் அழைப்புகளில் சில, மக்களுக்கு உண்மையிலேயே ஏதோ வேண்டும் என்பதால் வருகின்றன. மற்றவை, நாம் முதல் முறை சரியாகச் செய்யாததால் வருகின்றன. எங்கள் சர்ஜரியில் இந்தத் தாளை முதன்முதலாக வைத்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. "ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா", "மருந்துச் சீட்டு இன்னும் ஃபார்மசிக்குப் போகவில்லையே", "நர்ஸ் கூப்பிடுவதாகச் சொன்னார், கூப்பிடவில்லை". பத்து மணிக்கு மேல் வந்த அழைப்புகளில் பெரும்பகுதி இவைதான். இவற்றில் ஒன்றுகூட நோய் இல்லை. எல்லாம் எங்கள் பக்கத்துக் குறை. முடிவு நார்மல் என்றால் அன்றே ஒரு குறுஞ்செய்தி போகும்படி செய்தோம். அந்த வகை அழைப்புகள் கண்ணெதிரே குறைந்தன.

இனி கடிதங்களுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மருத்துவரின் இரவு எட்டு மணி பெரும்பாலும் ஒளிந்திருப்பது இங்கேதான்.

எங்கள் சர்ஜரிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 70 கடிதங்கள் வரும். கண் மருத்துவமனையிலிருந்து, இதயப் பிரிவிலிருந்து, அவசரப் பிரிவிலிருந்து, பிசியோவிலிருந்து. "இவர் வந்தார், பார்த்தோம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்பதுதான் பலவற்றின் சாரம். எல்லாக் கடிதத்தையும் மருத்துவர்தான் படிக்க வேண்டும் என்பது எங்கள் பழக்கம். அதைப் பாதுகாப்பு என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு நாள் மாலை 7.40க்கு, ஒரே மாதிரியான கடிதங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன நேரத்தில், ஒரு இதயப் பிரிவுக் கடிதத்தைப் படித்ததாகக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ஸ்பைரோனோலாக்டோன் மருந்தைத் தொடங்கியிருக்கிறோம், ஒரு வாரத்தில் சிறுநீரகச் செயல்பாட்டையும் பொட்டாசியத்தையும் பார்க்கவும். நோயாளி ஏற்கெனவே ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர். இந்த இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும் என்பது மருத்துவ மாணவனுக்கும் தெரியும். இரண்டு வாரம் கழித்து அவருடைய மனைவி போன் செய்து, "ரத்தம் எடுக்க யாரும் கூப்பிடவில்லையே" என்று கேட்டார். அன்றே எடுத்தோம். பொட்டாசியம் அபாய அளவில் இருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பினார். அந்த அம்மா கூப்பிட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் நானே படித்ததால்தான் அந்த வரியைத் தவறவிட்டேன். அதை ஒத்துக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

2016 ஏப்ரலில் இங்கிலாந்து என்.எச்.எஸ். குடும்ப மருத்துவத்துக்கென்று ஒரு திட்டத்தை வெளியிட்டது. நேரத்தை மீட்பதற்குப் பத்து வழிகள் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. ரிசப்ஷன், அலுவலக ஊழியர்களுக்குப் பயிற்சி தர ஐந்து ஆண்டுகளுக்கு 4.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். பயிற்சி இரண்டு விஷயங்களுக்காக: வரும் நோயாளியைச் சரியான இடத்துக்கு வழிகாட்டுவது, வரும் கடிதங்களைக் கையாள்வது. நாங்கள் இரண்டாவதில் தொடங்கினோம். இரண்டு அலுவலக ஊழியர்கள் பயிற்சி எடுத்தார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் கடைசி வரி வரை படித்து, நோயின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, அதில் யாராவது ஏதாவது செய்ய வேண்டுமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. மருந்து மாறியிருந்தால் மருந்தாளுநருக்கு. ரத்தப் பரிசோதனை என்றால் நோயாளிக்கு நேரம் கொடுத்துவிட்டு நர்ஸின் பட்டியலுக்கு. தகவல் மட்டும் என்றால் கோப்புக்கு. மருத்துவரின் முடிவு வேண்டியவை மட்டும் மருத்துவருக்கு.

பாதுகாப்பைப் பற்றி உங்கள் பார்ட்னர்கள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். முதல் நாளிலேயே ஒரு பட்டியல் எழுதிவையுங்கள்: புதிதாகக் கண்டறிந்த புற்றுநோய், குழந்தைப் பாதுகாப்பு தொடர்பான எதுவும், தற்கொலை முயற்சி, காரணம் புரியாத அவசரப் பிரிவு வருகை. இவை எப்போதும் மருத்துவருக்கே போக வேண்டும். சந்தேகம் வந்தால் மருத்துவருக்கு அனுப்பலாம், அதற்காக யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. ஒரு மருத்துவர் பொறுப்பேற்று, முதல் மூன்று மாதம் வாரந்தோறும் இருபது முப்பது கடிதங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் வந்த மருத்துவக் கவனக்குறைவுக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவர்களுக்கு மட்டுமல்ல, சர்ஜரியின் என்.எச்.எஸ். மருத்துவப் பணியில் ஈடுபடும் மற்ற ஊழியர்களுக்கும் பொருந்தும். அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள், பாதி பயம் அங்கேயே குறையும். களைத்த மருத்துவர் மாலையில் படிப்பதைவிட, காலையில் தெளிவான தலையோடு அதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஒருவர் கடைசி வரி வரை படிப்பது நல்லது. இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அடுத்தது வாசல். 8 மணிப் போர். இதில் உங்களுக்குத் தேர்வுகூடக் கிடையாது. "இடம் முடிந்துவிட்டது, நாளைக்குக் கூப்பிடுங்கள்" என்று அனுப்புவதை 2023 முதல் சர்ஜரிகளுக்கான என்.எச்.எஸ். ஒப்பந்தமே ஏற்பதில்லை. முதல் தொடர்பிலேயே தேவை என்ன என்று பார்க்க வேண்டும், அல்லது சரியான இடத்துக்கு வழி சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் இணையவழிப் படிவமும் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்தே இருக்க வேண்டும். இதைப் பார்த்துப் பல சர்ஜரிகள் பயந்தன. போனில் ஒரு வரிசை, இணையத்தில் ஒரு வரிசை, நேரில் வருபவர்கள் ஒரு வரிசை என்று மூன்றாக வைத்திருந்தால் பயம் நியாயம்தான். மூன்றையும் ஒரே பட்டியலாக்குங்கள். காலை 8 முதல் 11 வரை அனுபவமுள்ள ஒரு மருத்துவர் நோயாளி பார்க்காமல், ரிசப்ஷன் ஊழியர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பிரிக்கட்டும். ஒரு மருத்துவரின் காலை போகிறதே என்று தோன்றும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் அவர் எழுபது எண்பது கோரிக்கைகளைச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடலாம். கூடவே ரிசப்ஷனில் இருப்பவர் "டாக்டர், இதை என்ன செய்ய?" என்று தலையைத் திருப்பிக் கேட்க முடியும். ஊழியர்களின் முகம் மாறுவதற்கு இந்த ஒன்றே போதும்.

இல்லை என்று சொல்வது மட்டுமே வேலையாக இருந்தால் யாரும் அந்த நாற்காலியில் நீடிக்க மாட்டார்கள். கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் ஃபார்மசி ஃபர்ஸ்ட் என்ற சேவை இருக்கிறது. ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் உட்பட மருந்தும் கொடுக்கலாம்: சைனஸ் அழற்சி, தொண்டை வலி, காது வலி, பூச்சிக்கடிப் புண், இம்பெட்டிகோ என்ற தோல் தொற்று, அக்கி, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று. ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு உண்டு. சிறுநீர்த் தொற்று என்றால் 16 முதல் 64 வரை, காது வலி என்றால் 1 முதல் 17 வரை, அக்கி என்றால் 18 முதல். இந்த அட்டவணையை மேசையில் ஒட்டிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "பக்கத்து ஃபார்மசிக்குப் போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். கம்ப்யூட்டர் வழியாக முறையான பரிந்துரை போக வேண்டும். வாயால் சொன்னால் நோயாளி அதைத் துரத்திவிட்டதாக எடுத்துக்கொள்வார். மருந்தாளுநரும் இது யார் என்று தெரியாமல் விழிப்பார். பரிந்துரை போனால் அவருக்குப் பெயரும் காரணமும் கிடைக்கும், பார்த்தது என்ன என்ற குறிப்பு உங்களுக்குத் திரும்பி வரும், அவர் கைக்கு மிஞ்சியது என்றால் உங்களிடமே திருப்பி அனுப்புவார். முதல் வாரத்திலேயே அந்த மருந்தாளுநரை டீ குடிக்கக் கூப்பிடுங்கள். பெரிய உத்தி ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்து இதைவிடப் பலன் தந்த கூட்டம் இல்லை.

உங்கள் பகுதியில் நம் ஆட்கள் நிறைய. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வேலை செய்தபோது நான் தினமும் கேட்டது: "எனக்கு டாக்டரைத்தான் பார்க்கணும், கடைக்காரரை எதுக்குப் பார்க்கணும்?" ஊரில் மருந்துக்கடை என்றால் சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கும் இடம். இங்கே அவர் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு படித்து, மேலும் ஓராண்டு பயிற்சி பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. போனில் வரும் பதிவு செய்த செய்தியை மூத்த பார்ட்னரின் குரலிலேயே வையுங்கள். "நான்தான் டாக்டர் பேசுகிறேன், எங்கள் ஊழியர் உங்களிடம் ஏன் என்று கேட்பார், நான்தான் கேட்கச் சொன்னேன்" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் குஜராத்தியிலும். ஊழியர் காரணம் கேட்கும்போது "நீ யார் கேட்க" என்ற கோபம் அதன்பிறகு பாதியாகும்.

மொழி தெரியாதவர்களுக்கு இரட்டை நேரமும் மொழிபெயர்ப்பாளரும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பத்து வயதுப் பேத்தியை வைத்துக்கொண்டு பாட்டியின் கர்ப்பப்பைப் பிரச்சினையைப் பேசவைப்பது தவறு. அப்படி நடந்த சந்திப்பு மறுபடியும் நடக்க வேண்டியிருக்கும் என்பதும் நிச்சயம்.

நெஞ்சு வலி, முகம் கோணல், மூச்சுத் திணறல் போன்றவற்றை ரிசப்ஷனில் யாரும் யோசிக்கக் கூடாது. உடனே அவசர எண் 999. இதை மாதம் ஒரு முறை திரும்பச் சொல்லுங்கள், தெரியும் என்று சொன்னாலும்.

இனி மற்ற கைகள். 2019 ஜூலை முதல் 30,000 முதல் 50,000 வரை நோயாளிகள் கொண்ட சர்ஜரிக் கூட்டமைப்புகள் இருக்கின்றன, நீங்களும் ஒன்றில் இருப்பீர்கள். மருந்தாளுநர், பிசியோ, சமூக வழிகாட்டி போன்றவர்களின் சம்பளத்தை அதன் வழியாக என்.எச்.எஸ். தருகிறது. "எங்களுக்கு வாரத்தில் ஒன்றரை நாள் ஒரு மருந்தாளுநர் வருகிறார், பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை" என்று பல மேனேஜர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால், மருத்துவர் கையில் அன்று மிஞ்சியது எதுவோ அதை அவரிடம் தள்ளியிருப்பார்கள். அவருக்கென்று ஒரு முழு வேலையைக் கொடுங்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களின் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது முழுக்க அவருடையது, ரிப்பீட் மருந்து பற்றிய கேள்விகள் முழுக்க அவருடையவை, என்று. முதுகுவலி, முழங்கால் வலியை ரிசப்ஷனிலிருந்து நேராகப் பிசியோவுக்குக் கொடுக்கலாம், நடுவில் மருத்துவர் தேவையில்லை. 2022 ஜூலையிலிருந்து வேலைக்கு விடுப்புச் சான்றை நர்ஸ், பிசியோ, மருந்தாளுநர், தொழில்வழி சிகிச்சையாளர் ஆகியோரும் கொடுக்கலாம். முதல் ஏழு நாளுக்கு யாருடைய சான்றும் தேவையே இல்லை, விடுப்பு எடுப்பவரே எழுதிக்கொடுக்கலாம். இது தெரியாமல் வந்து உட்காரும் நோயாளிகள் எத்தனை பேர் என்று உங்கள் தாள் சொல்லும்.

இந்தப் புதியவர்களுக்கு மேற்பார்வை வேண்டும். ஒரு நாளில் அரை மணி நேரமாவது ஒரு மருத்துவர் அவர்களோடு உட்கார வேண்டும், அதை அட்டவணையில் போட்டுவிடுங்கள். ஃபிசிஷியன் அசோசியேட்டை, அதாவது மருத்துவர் அல்லாத, மருத்துவருக்கு உதவப் பயிற்சி பெற்றவரை, வைத்திருந்தால், நோய் என்னவென்று இன்னும் தெரியாத நோயாளியை அவரிடம் முதலில் அனுப்பாதீர்கள். 2025இல் இவர்களைப் பற்றி அரசு கேட்டு நடந்த லெங் ஆய்வு சொன்னதும் அதுதான், அதில் எனக்கு முழு உடன்பாடு.

சின்னச் சின்ன விஷயங்கள் சில, வேகமாக. நிலையான ரத்த அழுத்த, தைராய்டு நோயாளிகளுக்கு மின்னணு முறையில் ஓராண்டு வரை மருந்தை ஒரே முறையில் அனுமதித்துவிடலாம், மாதம்தோறும் கையெழுத்து வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா மூன்றும் உள்ளவரை மூன்று முறை கூப்பிடாமல், பிறந்த மாதத்தில் ஒரு முறை கூப்பிட்டு எல்லாவற்றையும் பாருங்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்களின் ரத்த அழுத்தத்தை ஃபார்மசியிலேயே பார்க்கும் சேவை 2021 அக்டோபரிலிருந்து இருக்கிறது. உங்கள் போன் அமைப்பில் "உங்கள் முறை வரும்போது நாங்களே கூப்பிடுகிறோம்" என்ற வசதி இருந்தால் இன்றே இயக்குங்கள். வராமல் விடுபவர்களைப் பற்றிச் சுவரில் கோபமாக எழுதி ஒட்டுவதால் பயன் இல்லை. குறுஞ்செய்தியிலேயே ரத்து செய்ய ஒரு வழி வையுங்கள், போதும்.

மருத்துவமனைகள் உங்கள் மேல் இறக்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்.எச்.எஸ். மருத்துவமனைகளுக்கான பொது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது: அவர்கள் பார்க்கும் நோய்க்கான விடுப்புச் சான்றை அவர்களே தர வேண்டும், ஒரு முறை வராமல் போனார் என்பதற்காக மட்டும் தானாகவே ஜிபிக்குத் திருப்பி அனுப்பக் கூடாது, தொடர்புடைய பிரச்சினைக்கு இன்னொரு நிபுணரிடம் அனுப்ப "ஜிபியிடம் போய்க் கடிதம் வாங்கி வா" என்று சொல்லக் கூடாது. ஆனாலும் நடக்கிறது. உங்கள் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கோபமாக ஒரு கடிதம் எழுதினால் அவருக்கு இன்னொரு வேலைதான் கூடும். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன. அலுவலக ஊழியரே அவற்றை அனுப்பட்டும், எண்ணிக்கையைக் குறித்துவைத்து உள்ளூர் மருத்துவக் குழுவிடம் மாதம் ஒரு முறை கொடுங்கள். நடுவில் நோயாளியை மட்டும் அலையவிடாதீர்கள்.

சரி, இதெல்லாம் செய்து ஆறு மாதத்தில் ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு நாளில் நாற்பது நிமிடம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? பார்ட்னர் கூட்டத்தில் யாராவது ஒருவர் "அப்படியானால் இன்னும் நான்கு அப்பாயிண்ட்மென்ட் திறக்கலாமே" என்பார். அங்கே நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறைய சர்ஜரிகள் இந்த இடத்தில்தான் எல்லாவற்றையும் திரும்பத் தொலைத்தன. மிஞ்சும் நேரத்துக்கு, மிஞ்சுவதற்கு முன்பே ஒரு பெயர் வைத்துவிட வேண்டும்.

நான் வைக்கச் சொல்லும் பெயர், தெரிந்த மருத்துவர். உங்கள் 9,400 பேரில் சில நூறு பேர் இருப்பார்கள்: பல நோய் உள்ள முதியவர்கள், வாழ்நாள் முடியும் தறுவாயில் உள்ளவர்கள், மனநோயோடு போராடுபவர்கள், மாதம் இரண்டு முறை வேறு வேறு காரணத்தோடு வருபவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவரின் பெயரை எழுதுங்கள். இவர்கள் எப்போது அழைத்தாலும் கூடிய மட்டும் அவரிடமே, பத்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்தோ இருபதோ. நார்வேயில் பல லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2021இல் வந்தது. 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஜிபியிடம் இருந்தவர்களுக்கு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதம் குறைவு, இறப்பு 25 சதவீதம் குறைவு. இங்கிலாந்தில் 381 சர்ஜரிகளின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சந்திப்புகளைப் பார்த்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக, இன்சியாட் நிர்வாகக் கல்லூரி ஆய்வாளர்கள், வழக்கமான மருத்துவரைப் பார்த்த நோயாளி அடுத்த முறை வருவதற்கு 18 சதவீதம் அதிக நாள் எடுத்துக்கொள்கிறார் என்று கண்டார்கள். அதாவது, பதினைந்து நிமிடம் கொடுப்பதும் வேலைப் பளுவைக் குறைக்கும் வழிதான்.

இதை ஆய்வு வருவதற்கு முன்பே நோயாளிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இருபது ஆண்டு தெரிந்த ஒருவர் "இந்தத் தலைவலி வேற மாதிரி டாக்டர்" என்றால் எனக்கு உடனே புரியும். புதிதாகப் பார்ப்பவர் மூன்று பரிசோதனைக்கு எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேறு வழி இல்லை.

நாற்பது நிமிடத்தில் இன்னொரு பங்கு வீட்டுக்குப் போவதற்கு. ஒரு நாளில் 25 சந்திப்புக்கு மேல் போவது பாதுகாப்பு இல்லை என்று பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் சொல்கிறது. உங்கள் மருத்துவர்கள் இப்போது எத்தனை பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நாளைக் குறைக்கப் போகும் அந்தப் பார்ட்னரிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். போகாதீர்கள் என்று கேட்க வேண்டாம். எந்த வேலை இல்லாவிட்டால் நீங்கள் முழு வாரமும் இருப்பீர்கள் என்று கேளுங்கள். கடிதங்கள் என்று சொன்னால், கடிதத் திட்டத்தை அவருடைய கடிதங்களில் இருந்தே தொடங்குங்கள். அவருக்கு மாலை ஆறரைக்கு வீட்டுக்குப் போக முடிந்தால், மற்ற பார்ட்னர்களை நீங்கள் சமாதானப்படுத்த வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தாளும் கோடும். அப்புறம் கடிதங்கள், ஏனென்றால் அதில் நோயாளிகளுக்கு எதுவும் மாறாது, எதிர்ப்பு வராது, மருத்துவர்களுக்கு உடனே மூச்சு விட இடம் கிடைக்கும். அந்த மூச்சு கிடைத்த பிறகுதான் ஒரு மருத்துவரைக் காலைப் பட்டியலுக்கு உட்காரவைக்க முடியும். வாசலை மூன்றாம் மாதத்தில் மாற்றுங்கள். குளிர்காலத்தின் நடுவில் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. அழுதுகொண்டே போன அந்தப் பெண்ணின் எண் இன்னும் உங்களிடம் இருக்கும். ஒரு முறை கூப்பிடுங்கள். திரும்பி வரச் சொல்வதற்காக அல்ல, அது அவள் விருப்பம். நாளெல்லாம் அவள் காதில் என்ன விழுந்தது, எந்த அழைப்புகள் திரும்பத் திரும்ப வந்தன, எந்த இடத்தில் கையில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் நின்றாள் என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, ரிசப்ஷனில் வைக்கும் அந்தத் தாளின் முதல் வரிசையாகப் போடுங்கள்.